நான் கத்தரித்த துண்டுப்பிரசுரம்

எங்கள் ஊரில் முன்னாள் மாகாண சபை உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். கோயில் திருநாள் நோட்டீசில் அவருடைய பெயருக்கு முன்னால் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள். சபையின் காலம் முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. மறுபடி தேர்தல் வைக்கவே இல்லை. ஆனாலும் அந்த ‘முன்னாள்’ மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அதே தேர்தலில், அதே கட்சியின் அதே பட்டியலில் நின்று தோற்றவள் நான். எந்த நோட்டீசிலும் என்னை முன்னாள் வேட்பாளர் என்று ஒருவரும் போட்டதில்லை.

எனக்கு அவர்மேல் பொறாமை. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில்கூட, பூசைக்குப் போகாததற்கும் பிள்ளைகளை ஏசினதற்கும் நடுவில் ‘பொறாமைப்பட்டேன் சுவாமி’ என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு போய்விடுவேன். சுவாமியும் யாரில் என்று கேட்டதில்லை. ஊரே அறிந்த சங்கதியை அவர் ஏன் கேட்கவேண்டும்?

பேசாலைப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பிலிருந்து நானும் அவரும் ஒன்றாகப் படித்தோம். ஒவ்வொரு தவணைப் பரீட்சையிலும் நான்தான் முதலாம் பிள்ளை. பேச்சுப் போட்டியென்றால் மன்னார் வரைக்கும் போய்ப் பரிசோடு வருவேன். அவர் வகுப்புக்கு முன்னால் நின்று நான்கு வரி சொல்லச் சொன்னாலே சட்டை நனைய வியர்த்து நிற்பார். படிப்பை விட்டுவிட்டு எஞ்சின் வேலை பழகினார். பிறகு பெரிய தெருவோரம் ஒரு பட்டறை போட்டார். படகு எஞ்சின், தண்ணீர் மோட்டார், மோட்டார் சைக்கிள் எதுவென்றாலும் அவரிடம்தான் போகவேண்டும். நான் மாதர் சங்கத்துக்குத் தலைவியானேன். சண்டை முடிந்த காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் கேட்டு மனு எழுதியவள் நான். கடற்படைக்காரரோடு பேசுவதற்கென்றே சிங்களம் படித்தேன். மாவட்ட அலுவலகமான கச்சேரியில் எந்த மேசையில் எந்தக் கடிதம் தூங்கிக் கிடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஊரிலிருந்து ஒருவர் மாகாண சபைக்குப் போவதானால் அது நானாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கட்சிக்காரர்களும் அப்படி நினைத்துத்தான் மன்னாரிலிருந்து ஒரு வான் வண்டியில் புறப்பட்டார்கள். என்னைத் தேடித்தான் வந்தார்கள். வழியில் வான் சூடேறிப் புகைவிட்டு, சரியாக அவருடைய பட்டறைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. அவர் திருத்திக் கொடுத்தார். இரண்டு மணித்தியாலம் பட்டறை வாங்கிலில் இருந்து பிளேன்ரீ குடித்தார்கள். வந்துபோகிற சனமெல்லாம் அவரோடு எப்படிக் கதைக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, “அக்கா, உங்கட ஊரில இருந்து ரண்டு பேரைப் போடுவம்” என்றார்கள். நான் அவித்து வைத்திருந்த கொழுக்கட்டையில் ஒன்றைக்கூட அவர்களுக்கு எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. அந்த வான் இன்னும் ஐந்து நிமிடம் ஓடியிருந்தால் என்னுடைய கதையே வேறு.

ஒரே பட்டியலில் இருவரும் நின்றோம். எங்கள் நாட்டுத் தேர்தலில் அதுதான் பெரிய வில்லங்கம். எதிர்க்கட்சியைவிடப் பக்கத்தில் நிற்பவர்தான் எதிரி. கட்சி எத்தனை இடம் வென்றாலும், அதில் யார் போவது என்பதை விருப்பு வாக்குத்தான் முடிவு செய்யும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நம்பர். வாக்காளர் மூன்று நம்பர் வரைக்கும் புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போடலாம். அவருக்கு இரண்டாம் நம்பர், எனக்கு ஆறாம் நம்பர். கட்சி அடித்துத் தந்த துண்டுப்பிரசுரத்தில் மேலே பெரிதாகக் கட்சியின் சின்னம் இருந்தது. அதன் கீழே மூன்று முகங்கள்: இடதுபக்கம் அவர், நடுவில் மன்னாரிலிருந்து நின்ற வக்கீல் ஒருவர், வலதுபக்கம் நான். அவரவர் முகத்துக்குக் கீழே அவரவர் நம்பர். மூவருக்கும் சேர்த்துக் கேளுங்கோ, ஒருவரையும் விடவேண்டாம் என்று கட்சிக்காரர்கள் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கட்டைப் பிரித்துப் பார்த்தேன். அந்த ஆள் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வீடு வீடாக நடந்து, என் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி, அவருடைய சிரிப்பையும் சேர்த்தா கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்? தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். இரண்டு பகல் விறாந்தையில் இருந்து ஒவ்வொரு தாளிலும் வலதுபக்க மூலையை மட்டும் வெட்டி எடுத்தேன். என் முகமும் ஆறாம் நம்பரும் தீப்பெட்டி அளவுத் துண்டுகளாகக் குவிந்தன. மிச்சம் முழுவதையும், சின்னம், வக்கீல், அவர் எல்லோரையும் சேர்த்து, அடுப்பில் போட்டேன். என் மனுசன் வலையோடு வந்தவர் பார்த்துவிட்டு, “என்னப்பா இது, சின்னத்தையும் எல்லே வெட்டிப்போட்டீர்?” என்றார். “கட்சியை ஆருக்குத் தெரியாது? என்ர நம்பரைத்தான் சனம் மறந்துபோகும்” என்றேன். அவர் வலையை உலர்த்தப் போய்விட்டார்.

அந்தத் துண்டுகளோடு எங்கள் தெருவும் பக்கத்துத் தெருக்களும் ஏறி இறங்கினேன். சங்கத்துப் பெண்கள் எல்லோரும் என் சொல் கேட்பவர்கள். “இதில இருக்கிற நம்பருக்கு மட்டும் புள்ளடி போடுங்கோ. வேற ஒண்டிலயும் பேனையை வைக்கப்படாது” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். அவருக்கு என் தெருவிலிருந்து ஒரு புள்ளடிகூடப் போகக்கூடாது. வெல்லுவதைவிட அந்த நேரத்தில் அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அவர் வென்றார். நான் தோற்றேன். பட்டியலில் கடைசியாக உள்ளே போனவர் அவர், அவருக்கு அடுத்ததாக வெளியே நின்றவள் நான். இடைவெளி என்று பார்த்தால் ஒரு பெரிய கலியாண வீட்டுக்கு வருகிற சனம், அவ்வளவுதான். வெடி கொளுத்தி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவால் போனார்கள். நான் கதவைச் சாத்தினேன். இரண்டு நாள் பச்சைத் தண்ணீரும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் எழும்பி, என் வாக்கைக் களவெடுத்துவிட்டார் என்று சொல்லத் தொடங்கினேன். என்னிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை. என் சனம் எனக்குப் போடாமல் விடாது, போட்ட வாக்கைக் காணவில்லை, ஆகவே அவர்தான் ஏதோ செய்திருக்கிறார். எனக்கு அந்தக் கணக்குப் போதுமாக இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன், சங்கக் கூட்டத்தில் சொன்னேன், ஒருநாள் மைக்கிலும் சொன்னேன். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தீர்களா, குற்றமுள்ள மனம், அதுதான் வாயைத் திறக்கவில்லை என்று அதையும் சொன்னேன்.

ஐந்து வருடம் அவர் உறுப்பினராக இருந்தார். அந்த ஐந்து வருடத்தை அவருடைய மனைவியைவிட நான்தான் கவனமாகப் பார்த்தேன். சபைக் கூட்டத்துக்காக யாழ்ப்பாணத்துக்குப் போகிற நாளில் எத்தனை மணிக்கு வாகனம் புறப்படும், எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார் எல்லாம் எனக்குத் தெரியும். அடுத்த நாள் பேப்பரை வாங்கி, சபையில் அவர் பேசினதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுவேன். அநேகமாக இருக்காது. இருந்தால் இரண்டு வரி. இந்தியாவிலிருந்து வருகிற இழுவைப் படகுகள் எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போவதைப் பற்றி ஒருமுறை பேசியிருந்தார். அதைப் படித்துவிட்டு, நானாக இருந்தால் எங்கே தொடங்கியிருப்பேன், எங்கே குரலை உயர்த்தியிருப்பேன், எந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தியிருப்பேன் என்று குசினியில் நின்று முழுவதையும் பேசிப் பார்த்தேன். தேங்காய் துருவிக்கொண்டே பேசினேன். நல்ல பேச்சு. கேட்க ஒருவரும் இல்லை.

கடற்கரையில் வலையின் கிழிசலைப் பொத்துகிறவர்களுக்கு நிழலாக ஒரு மண்டபம் கட்டுவித்தார். அதற்கு முதன்முதல் மனு எழுதியவள் நான். வாசலில் கல் பதித்தபோது அவர் பெயர்தான் வந்தது. திறப்பு விழாவுக்கு வீடு தேடி வந்து, “நீர்தானே முதல் எழுதினனீர், விளக்கை நீர்தான் ஏத்தவேணும்” என்று கூப்பிட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்து நாங்கள் ஒருவரை ஒருவர் நீர் என்றுதான் கூப்பிடுவோம். “எனக்குத் தலையிடி” என்றேன். ஆனால் விழாவுக்குப் போனேன். கடைசி வரிசையில் இருந்து கூரைத் தகட்டில் எத்தனை ஓட்டை என்று எண்ணினேன். ஒரு ஓட்டையும் இல்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஒரு விசயம் மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் கடிதத்தோடு போனால் அவர் என் முகத்தைப் பாராமல், வாசித்தும் பாராமல், கையெழுத்து வைத்துத் தருவார். மற்றவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்பார். பெரிய ஆளாகிவிட்டார், முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு சபை கலைந்தது. வாகனம் போனது. வாசலில் நின்ற சனமும் குறைந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால், வெள்ளை வேட்டியை மடித்து வைத்துவிட்டு மறுபடியும் காற்சட்டையோடு பட்டறையில் எஞ்சினுக்குக் கீழே கிடக்கிறார். இனியாவது என் மனம் ஆறும் என்று நினைத்தேன். எங்கே ஆறியது? ‘உறுப்பினர் வாறார், கதிரை போடு’ என்று செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் இன்னும் அவருக்குத்தான் முதல் கதிரை. பதவி போய்விட்டது, அது தந்த கதிரை போகவில்லை. நான் பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

போனமுறை பிரதேச சபைத் தேர்தல் வந்தது. அதில் நான் நிற்கவில்லை, அவரும் நிற்கவில்லை. வாக்குப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தின் கீழ் நின்றேன். என் மனுசனின் அக்கா, எங்கள் பக்கத்து வீட்டு மச்சாள், மை பூசின விரலைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். எனக்காக உயிரையும் கொடுக்கிற மனுசி. முகம் சரியில்லை.

“என்ன மச்சாள், இந்தமுறை சீட்டில நம்பரைக் காணேல்ல? மேலயும் கீழயும் தேடினன். சின்னங்கள் மட்டும்தான் கிடக்கு.”

“இது பிரதேச சபை மச்சாள். இதுக்கு விருப்பு வாக்கு இல்லை. கட்சிக்கு மட்டும்தான் போடுறது.”

“கட்சிக்கோ? நான் ஒருநாளும் கட்சிக்குப் போட்டதில்லையே.”

நான் சிரித்தேன். “அப்ப எனக்கு எப்பிடிப் போட்டனீங்கள்?”

“நீங்கள் தந்த துண்டில கிடந்தமாதிரி. ஆறாம் நம்பரில ஒரு புள்ளடி. வேற ஒண்டிலயும் பேனையை வைக்கேல்ல. மேல கட்சியளெல்லாம் கிடந்திச்சு, நான் ஏறெடுத்தும் பாக்கேல்ல. மாதா மேல ஆணை மச்சாள், உங்களுக்கு மட்டும்தான் போட்டனான்.”

பக்கத்தில் நின்ற சங்கத்துப் பெண்கள் இருவர், “நாங்களும் அப்பிடித்தான் அக்கா” என்றார்கள். அதில் ஒருத்திக்கு அதைச் சொல்லும்போது பெருமை வேறு.

கட்சிக்கு நேரே புள்ளடி இல்லாவிட்டால் அந்தச் சீட்டே செல்லாது. முதலில் கட்சி, பிறகுதான் நம்பர். நம்பருக்கு மட்டும் போட்டது நிராகரித்த வாக்கு. எனக்கு இது தெரியாதா? எனக்குத் தெரியும். இதைச் சொல்லிக் கொடுக்கத்தான் கட்சி சின்னத்தை அவ்வளவு பெரிதாக அடித்திருந்தது. நான் அதை வெட்டி அடுப்பில் போட்டேன். அவர்கள் சொன்ன சொல் தவறாமல், எனக்குச் சத்தியம் பண்ணித் தந்தபடியே போய்ப் போட்டிருக்கிறார்கள். எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு என்று மனம் தானாக எண்ணியது. ஒரு கலியாண வீட்டுச் சனத்துக்குக் குறையாது. சேசுவே, என் வாக்கை ஒருவரும் களவெடுக்கவில்லை. கத்தரிக்கோலால் நானே வெட்டியிருக்கிறேன்.

தலை சுற்றுகிறது என்று மச்சாளிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் பட்டறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. மன்னிப்புக் கேட்கப் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம். அவர் ஒரு படகு எஞ்சினைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். துண்டு வெட்டினது, அடுப்பில் போட்டது, மச்சாள் சொன்னது எல்லாம். அவர் ஆச்சரியப்படவில்லை. பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உமக்குத் தெரியும்” என்றேன்.

“ஓம். எண்ணுற இடத்தில எங்கட பெடியன் நிண்டவன். நிராகரிச்ச சீட்டில ஒரு கட்டு முழுக்க உம்மட நம்பர்தான் கிடந்தது எண்டு அண்டைக்கே வந்து சொன்னவன்.”

“பிறகேன் எனக்குச் சொல்லேல்ல? மைக் போட்டு உம்மைக் கள்ளன் எண்டு சொன்னனே. அப்பவும் சொல்லேல்ல.”

அவர் துணியைக் கீழே வைத்தார். பேசும்போது, வகுப்புக்கு முன்னால் நிற்கிற அந்தப் பழைய பொடியனைப்போலவே வியர்த்திருந்தார்.

“சொன்னா, வெண்டது நானில்லை எண்டு ஊர் சொல்லியிருக்கும். உண்மையும் அதுதானே. எனக்கு அந்தக் கதிரை பிடிச்சிருந்தது. கள்ளன் எண்டு கேட்டுக்கொண்டு இருக்கலாம், அதை விட்டுக்குடுக்க மனம் வரேல்ல. உம்மைக் கண்டா எனக்குப் பயம். எப்ப அறிஞ்சுகொண்டு வந்து நிப்பீரோ எண்டு அஞ்சு வருசமும் பயம்.”

அவர் நல்லவராக இருந்து எனக்காக மறைத்திருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். அந்தப் பெருந்தன்மையையும் சேர்த்துப் பார்த்துப் பொறாமைப்பட எனக்குச் சீவனில்லை. அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது, என்னைப்போலவே. முதன்முறையாக அவரோடு ஒரே வாங்கிலில் இருக்க எனக்குக் கூச்சமாக இருக்கவில்லை.

“மாகாண சபைத் தேர்தல் வைக்கப்போறாங்களாம் எண்டு கதை வருது” என்றார். “நான் நிக்கேல்ல. உம்மட பேரைத்தான் கட்சிக்குச் சொல்லியிருக்கிறன்.”

வந்த கோபத்தில் எழும்பிவிட்டேன். “நீர் விட்டுத்தாற இடம் எனக்கென்னத்துக்கு? நீரும் நில்லும்.”

“நான் நிண்டா வெல்லுவன்” என்றார். பேச்சில் ஒரு துளி பகிடியும் இல்லை.

“அதுக்குத்தான் நில்லும் எண்டுறன்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கால் நிலத்தில் படவில்லை. இந்தமுறை நேருக்கு நேர் நின்று அவரைத் தோற்கடித்துக் காட்டவேண்டும். ஒழுங்கைத் திருப்பத்தில்தான் அந்த நினைப்பு வந்தது. நான் திருத்திச் சொல்லாவிட்டால் எங்கள் தெருச் சனம் அடுத்தமுறையும் நம்பருக்கு மட்டும் போட்டுவிட்டு வரும். பாராளுமன்றத் தேர்தல்களுக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள் என்று பிறகு விசாரித்து அறிந்தேன். ஒன்றில் நான் மறுபடியும் தோற்கவேண்டும், அல்லது வாசல் வாசலாகப் போய்க் கத்தரிக்கோல் கதையைச் சொல்லவேண்டும்.

முதல் வாசல் மச்சாளுடையது. அவர் கருவாடு காயப்போட்டிருந்தார். தெருக் கழுதை வந்து மிதிக்காமல் காவலிருந்துகொண்டே எனக்கும் தனக்கும் தேத்தண்ணி ஊற்றினார். நான் ஒரு பழைய வாக்குச்சீட்டு மாதிரியை மடியில் விரித்து, கட்சி இங்கே, மூன்று நம்பர் வரைக்கும் இங்கே, கட்சிக்குப் போடாவிட்டால் செல்லாது என்று காட்டினேன். பிறகு, “அண்டைக்கு நான்தான் மச்சாள் பிழையாச் சொல்லித் தந்திட்டன்” என்றேன்.

மச்சாள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய வாக்குப் பாழானதைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

“அப்ப அவர் களவெடுக்கேல்லையோ?”

இத்தனை வருடம் ஊருக்கு எதிரில் பேசின வாய் இது. “இல்லை” என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவோ நேரம் எடுத்தது.

“பாவம் மனுசன்” என்றார் மச்சாள். “நீங்கள் சொன்னதைக் கேட்டு நான் அந்தாளோட முகம் பாத்துக் கதைக்கிறதையே விட்டனான். மோட்டார் பழுதெண்டாலும் மன்னாருக்குத்தான் கொண்டுபோறது.” தாளில் விரலை வைத்து நம்பர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார். “மூண்டு பேருக்குப் போடலாம் எண்டுதானே சொன்னனீங்கள். உங்களுக்கு ஒண்டு போட்டிட்டு, அவரும் நிண்டா அவருக்கும் ஒண்டு போடட்டே மச்சாள்?”

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நான் சொன்னால் போடுவார், சொல்லாவிட்டால் போடமாட்டார், அவ்வளவு விசுவாசம். ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

“தேத்தண்ணி ஆறுது மச்சாள்” என்றேன்.